கோடியக்காடு: கடலோரத்தின் விதைநெல்

(வானொலியில் விவசாய நேயர்களுக்காக நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



அறுவடை முடிந்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டு வந்தாச்சுன்னா, வீட்டில் ஒரு பேச்சு கிளம்பும். "ஒரு நாள் எங்காவது போய்ட்டு வரலாமே" என்பார்கள். கோயிலுக்குப் போவோம், கடலாட்டத்துக்குப் போவோம். இந்தத் தடவை ஒரு காட்டுக்குப் போய் வாருங்கள் என்று சொல்லத்தான் நான் வந்திருக்கிறேன்.

"காடு வெட்டிக் கழனி ஆக்கினவங்க நாம. காட்டில் நமக்கென்ன வேலைங்க?" என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறது. குடியானவன் வீட்டில் எத்தனை கஷ்டம் வந்தாலும் விதைநெல்லில் மட்டும் கை வைக்க மாட்டான். கோட்டை கட்டித் தனியாக வைத்திருப்பான். நம்ம சோழ மண்டலக் கடற்கரைக்கும் அப்படி ஒரு விதைநெல் மிச்சம் இருக்கிறது. அதுதான் நாகப்பட்டினம் மாவட்டத்தில், வேதாரண்யத்துக்குத் தெற்கே உள்ள கோடியக்காடு. அது எப்படி மிஞ்சியது, இப்போது அதற்கு என்ன ஆபத்து, அதிலிருந்து நாம் எதை எடுத்து வரலாம் என்பதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

முதலில் பெயரைப் பாருங்கள். வேதாரண்யத்துக்குப் பழைய தமிழ்ப் பெயர் திருமறைக்காடு. மறை என்றால் வேதம். ஆரணியம் என்றால் காடு. எந்தப் பெயரால் சொன்னாலும் ஊர்ப் பெயரிலேயே காடு இருக்கிறது. பூட்டிக் கிடந்த கோயில் கதவை அப்பர் பாடித் திறந்தார், சம்பந்தர் பாடி அடைத்தார் என்று பெரிய புராணம் சொல்லுகிறதே, அந்தக் கோயில் இங்கேதான். இன்றைக்கு வேதாரண்யம் கடைத்தெருவில் நின்று பார்த்தால் காட்டைக் காண முடியாது. ஆனால் தெற்கே சுமார் 11 கிலோமீட்டர் போனால் இரண்டு ஊர் வரும். ஒன்று கோடியக்காடு, இன்னொன்று கோடியக்கரை. கோடி என்றால் மூலை, கடைசி. வடக்கே இருந்து நேராக இறங்கி வருகிற கடற்கரை, இந்த மூலையில்தான் மேற்கே திரும்புகிறது. அந்த மூலையில் உள்ள காடு கோடியக்காடு. மூலையில் உள்ள கரை கோடியக்கரை. நம்ம பெரியவர்கள் பெயர் வைத்தால் அது நிலத்தின் கணக்காகவே இருக்கும்.

இந்தக் காடு எத்தனை பழசு? அதற்குச் சாட்சி சொல்ல ஒரு பெரியவர் இருக்கிறார். சுந்தரமூர்த்தி நாயனார். சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன்னே அவர் இந்தக் கோடிக்கு வந்து, இங்கே கோயில் கொண்டிருக்கிற குழகரைப் பார்த்துப் பாடியிருக்கிறார். பாட்டு முழுவதும் ஒரே விசாரம்தான். கடல் காற்று இப்படி மோதுகிறதே, பக்கத்தில் குடி ஒன்றும் இல்லையே, இத்தனை பெரிய காட்டில் பொந்துக்குள் ஆந்தையும் கூகையும் அலறுகின்றனவே, துணை இல்லாமல் இங்கே ஏன் இருக்கிறாய் என்று சாமியையே கேட்கிறார். பக்தர்கள் இதைப் பக்தியாகப் படிப்பார்கள். நாம் விவசாயிகள், கொஞ்சம் வேறு விதமாகவும் படிக்கலாம். ஆந்தை பொந்தில் இருக்க வேண்டுமானால் மரத்தில் பொந்து விழ வேண்டும். பொந்து விழ வேண்டுமானால் மரம் முதிர்ந்திருக்க வேண்டும். ஆக, அன்றைக்கே இது முதிர்ந்த காடு.

இனி வழியைச் சொல்கிறேன். திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யத்துக்குப் பஸ் இருக்கிறது. வேதாரண்யம் வழியாக அகஸ்தியன்பள்ளி வரை ரயிலும் உண்டு. ஒரு காலத்தில் கோடியக்கரை வரைக்குமே ரயில் போயிற்று. இடையில் பல வருஷம் ரயிலே இல்லாமல் இருந்து, 2023-இல் அகஸ்தியன்பள்ளி வரை அகலப் பாதையில் மறுபடி விட்டார்கள்.

அகஸ்தியன்பள்ளியில் கொஞ்சம் நில்லுங்கள். அங்கே உப்புச் சத்தியாக்கிரக நினைவுத் தூண் இருக்கிறது. 1930 ஏப்ரல் 13-ஆம் தேதி ராஜாஜி தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து நடந்தே புறப்பட்டார்கள். ஏப்ரல் 28-ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்தார்கள். 30-ஆம் தேதி அகஸ்தியன்பள்ளியில் உப்பு அள்ளினார்கள். ராஜாஜி கைதானார். அப்போது தஞ்சாவூர் கலெக்டராக இருந்தவர் தார்ன் என்ற வெள்ளைக்காரர். தொண்டர்களுக்குச் சோறும் தங்க இடமும் கொடுத்தால் தண்டனை என்று உத்தரவு போட்டார். நம்ம ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சோற்றுப் பொட்டலத்தைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். யார் கொடுத்தது என்று கேட்டால் மரம் கொடுத்தது என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்! வேதாரண்யத்தில் அவர்களுக்கு முன்னின்று எல்லாம் செய்தவர் வேதரத்தினம் பிள்ளை. இந்தப் பக்கத்து மண்ணில் உப்பும் காடும் அடுத்தடுத்து இருப்பவை. மேற்கே உப்பளமும் சதுப்பும். தெற்கு மூலையில் காடு. இரண்டையும் ஒரே நாளில் பார்த்து விடலாம்.

சரி, காட்டுக்குள் போவோம். வனத்துறை அலுவலகத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு மணல் பாதையில் நடக்க வேண்டும். மலைக்காடு மாதிரி வானளாவிய மரங்களை இங்கே எதிர்பார்க்காதீர்கள். மரங்கள் குட்டையாக, நெருக்கமாக, கடல் காற்றுக்குக் குனிந்து கொடுத்து நிற்கும். பாலை, நாவல், வீரை, காசான், உகாய் என்று வகை வகையாக இருக்கும். கீழே காரை, சூரை, சங்கஞ்செடி என்று முள் புதர்கள். மூலிகை மட்டுமே 100-க்கும் மேற்பட்ட வகை உண்டு.

ஒரு விஷயம் கவனியுங்கள். இங்கே ஐப்பசி, கார்த்திகையில்தான் பெரிய மழை. மிச்ச மாதங்கள் வறட்சி. வறட்சிக் காலத்தில் இலை உதிர்த்து விடுவது பெரும்பாலான காட்டு மரங்களின் பழக்கம். இந்தக் காடு அப்படி இல்லை. சித்திரை வெயிலிலும் பச்சையாக நிற்கும். இலையைக் கிள்ளிப் பார்க்க வேண்டாம், கையால் தடவிப் பார்த்தாலே தெரியும். தோல் மாதிரி தடிப்பாக, வழவழப்பாக இருக்கும். ஈரத்தை வெளியே விடாமல் பிடித்து வைக்கிற இலை. இதை உலர் பசுமைமாறாக் காடு என்று நிபுணர்கள் சொல்கிறார்கள். நம்ம கிழக்குக் கடற்கரையிலும் இலங்கையிலும்தான் இந்த வகையைப் பார்க்கலாம். ஒரு காலத்தில் இந்தக் கடற்கரையில் நெடுக இருந்தது. இன்றைக்கு மரக்காணம் பக்கம் புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு மாதிரி, சாமிக்குப் பயந்து விட்டு வைத்த துண்டு துண்டான இடங்களில்தான் பெரும்பாலும் மிச்சம். அந்தத் துண்டுகளில் பெரிய துண்டு இந்தக் கோடியக்காடு.

பாலை மரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். உலக்கைப் பாலை என்று இதற்கு ஒரு பெயர். ஏன்னா, உலக்கை செய்ய இதன் வைரம் பாய்ந்த கட்டையைத்தான் தேடுவார்கள். மெதுவாக வளரும், நம்ம பாட்டன் நட்டால் பேரன் காலத்தில்தான் மரம் என்று பெயர் வாங்கும். கோடையில் மஞ்சள் நிறத்தில் சின்னச் சின்னப் பழம் பழுக்கும். தித்திப்பாக இருக்கும், தின்றால் பால் உதட்டில் ஒட்டிக்கொள்ளும். வேதாரண்யம் பக்கத்துப் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள்.

பாதையில் போனால் ராமர் பாதம் என்ற மேடு வரும். ராமர் இங்கே நின்று இலங்கையைப் பார்த்தார் என்று ஐதீகம். அதுதான் இந்தக் காட்டிலேயே உயரமான இடம். உயரம் என்றால் மலை இல்லை, மணல் மேடுதான். இந்தக் கடற்கரைக்கு ஆதி சேது என்றும் பெயர். தை அமாவாசை, ஆடி அமாவாசைக்கு ஜனங்கள் வந்து கடலாடுவார்கள். கடற்கரையில் சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட கலங்கரை விளக்கம் ஒன்று இருந்தது. கல்கி எழுதிய பொன்னியின் செல்வன் படித்தவர்களுக்குப் பூங்குழலியும் கோடிக்கரை விளக்கமும் ஞாபகம் வரும். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமியில் அந்தப் பழைய கட்டடம் விழுந்து விட்டது. இப்போது இடிபாடுதான் கிடக்கிறது.

இந்தக் காடு மட்டும் எப்படித் தப்பித்தது? காரணம் ஒன்று இல்லை, மூன்று நாலு இருக்கிறது. மண் மணல், நெல்லுக்கு ஆகாது, ஆகவே மற்ற இடத்தைப் போல முழுசும் கழனியாகவில்லை. சாமி இருந்த காடு. பயமும் பக்தியும் காவல் காத்தன. வெள்ளைக்காரன் காலத்தில் காப்புக்காடு என்று எல்லை போட்டார்கள். அதோடு இன்னொன்றும் உண்டு. சுற்றியிருந்த ஜனங்கள் விறகு வெட்டினார்கள், மாடு மேய்த்தார்கள், பழம் பறித்தார்கள். ஆனாலும் இந்த மரங்களில் பலவற்றுக்கு, வெட்டினால் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கிற குணம் உண்டு. வேரைத் தோண்டாத வரைக்கும் காடு சாகவில்லை.

1967-இல் தமிழ்நாடு அரசு இதை வனவிலங்குச் சரணாலயமாக அறிவித்தது. முக்கியமாக வெளிமானுக்காக. திருகுமான் என்றும் சொல்வார்கள். கடாவின் கொம்பு திருகு ஆணி மாதிரி முறுக்கிக்கொண்டு இருக்கும். இது புதருக்குள் ஒளிகிற மான் இல்லை. வெட்டவெளியில் நின்று, நாலா பக்கமும் பார்த்து, ஆபத்து வந்தால் ஓடித் தப்பிக்கிற மான். ஆகவே அதற்கு மரம் மட்டும் போதாது, புல்வெளி வேண்டும். அந்தப் புல்வெளியில் சொந்தக்காரர் இல்லாத மட்டக் குதிரைகளும் மேயும். ஒரு காலத்தில் மனிதர்கள் வளர்த்து விட்டுவிட்ட குதிரைகளின் வம்சம் அது.

ஐப்பசி முதல் தை, மாசி வரை போனால் பறவைகளையும் பார்க்கலாம். சதுப்பில் பூநாரைகள் இளஞ்சிவப்பாக வரிசை கட்டி நிற்கும். உள்ளான் வகைகள் சைபீரியா மாதிரி தூரதேசத்திலிருந்து குளிருக்குத் தப்பி இங்கே வருகின்றன. பறவை மேதை சாலிம் அலி இந்த இடத்தின் அருமையை உணர்ந்து, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் மூலமாக இங்கே பறவைகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி, எங்கே போகிறது, எங்கிருந்து வருகிறது என்று கணக்கெடுக்க ஏற்பாடு செய்தார். 2002-இல் இந்தக் காட்டையும் சதுப்பையும் சேர்த்து 38,500 ஹெக்டேர், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்று ராம்சார் ஒப்பந்தப் பட்டியலில் சேர்த்தார்கள்.

இப்போது தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். இது உங்களுக்கு நேரடியாகச் சம்பந்தம் உள்ளது. மூன்று பக்கம் உப்புத் தண்ணீர் உள்ள இடத்தில் காடு எப்படிப் பிழைக்கிறது? மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்குகிறது. நல்ல தண்ணீர் கனம் குறைவு, உப்புத் தண்ணீர் கனம் அதிகம். ஆகவே இறங்கின மழைத் தண்ணீர், கீழே உள்ள உப்புத் தண்ணீர் மேலே ஏடு மாதிரி மிதந்துகொண்டு நிற்கிறது. மரங்களின் வேர் அந்த ஏட்டைத்தான் குடிக்கிறது. வேதாரண்யம் பக்கம் மணல் தரையில் குட்டை தோண்டித் தண்ணீர் எடுக்கிற விவசாயிகளும் அதே ஏட்டைத்தான் எடுக்கிறார்கள். பால் ஏட்டை மேலாக வழித்தால் வரும், கரண்டியை ஆழ விட்டால் கலங்கிப் போகும். அதே மாதிரிதான். ஆழமாகக் குழாய் இறக்கி மோட்டார் வைத்து இழுத்தால் கீழே உள்ள உப்பு மேலே வந்து விடும். அப்புறம் அந்தக் கிணறு பல வருஷத்துக்கு உதவாது. மணல் மேட்டை வெட்டி விற்றாலும் இதே கதிதான். ஏடு நிற்க இடம் இல்லாமல் போகும்.

சரி, ஆபத்து எது? உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஆசாமிதான். சீமைக் கருவேலம். 1870-களில் நம்ம நாட்டுக்கு வெளியே இருந்து கொண்டு வந்தது. விறகுப் பஞ்சம் தீரட்டும் என்று நல்ல எண்ணத்தில்தான் பிற்பாடு தமிழ்நாடு முழுக்கப் பரப்பினார்கள். விறகும் கிடைத்தது, கரி மூட்டம் போட்டு எத்தனையோ ஏழைக் குடும்பம் பிழைத்தது. அதை மறுக்கக் கூடாது. ஆனால் கோடியக்காட்டில் நடந்ததைப் பாருங்கள். நெற்று இனிப்பாக இருக்கும். மாடு தின்கிறது, குதிரை தின்கிறது, மானும் தின்கிறது. விதை செரிக்காமல் சாணத்தோடு விழுகிறது. எரு போட்டு விதைத்த மாதிரி முளைக்கிறது. மான் மேய்ந்த புல்வெளியில், அந்த மானே முள் மரத்தை விதைத்து விடுகிறது! வெளி சுருங்கச் சுருங்க வெளிமானுக்குப் புல்லும் இல்லை, ஓட இடமும் இல்லை. வெட்டினால் தீருமா என்றால் தீராது. அடிக்கட்டையிலிருந்து நாலு கிளையாகக் கிளம்பும். வேரோடுதான் பிடுங்க வேண்டும். வனத்துறை அப்படித்தான் பிடுங்கி வருகிறது. பிடுங்கின இடத்தில் கிடக்கிற பழைய விதையும் சில வருஷம் கழித்து முளைக்கும். ஆகவே இது ஒரு தடவை செய்து முடிக்கிற வேலை இல்லை. களை எடுக்கிற மாதிரி வருஷா வருஷம் செய்ய வேண்டிய வேலை. பக்கத்துக் கிராமத்தில் நாம் காய்ந்த நெற்றை மாட்டுக்குப் போட்டு, அந்த மாட்டைக் காட்டோரம் ஓட்டி விட்டால், அவர்கள் ஒரு பக்கம் பிடுங்க, நாம் மறுபக்கம் விதைத்தவர்களாவோம்.

இந்தக் காட்டின் அருமை தெரிந்த நாட்கள் இரண்டு. 2004 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்ட உயிர் போயிற்று. உயரமான மணல் மேடும் அதைப் பிடித்து நிற்கிற செடி கொடியும் இருந்த இடங்களில் அலையின் வேகம் தணிந்தது என்பதை அதற்கப்புறம் எல்லோரும் பேசினார்கள். இரண்டாவது, 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியுமுன் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயல். தென்னை போயிற்று, மா போயிற்று, சவுக்கு போயிற்று. முப்பது வருஷம் பிள்ளை மாதிரி வளர்த்த தோப்பு ஒரே ராத்திரியில் படுத்து விட்டதைப் பார்த்தவர்கள் இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். காடும் தப்பவில்லை. அங்கேயும் மரங்கள் சாய்ந்தன, வெளிமான்களும் குதிரைகளும் செத்தன.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. தென்னைக்கு உயிர் குருத்தில் இருக்கிறது. குருத்து முறிந்தால் மரம் முடிந்தது. நாவலும் வீரையும் வேம்பும் அப்படி இல்லை. கிளை முறிந்தாலும், தண்டே முறிந்தாலும், வேர் பிடிப்பு இருந்தால் அடுத்த மழைக்குத் துளிர்க்கும். பல நூறு வருஷமாகப் புயல் அடித்து அடித்து, அதற்குத் தாங்கி நின்றதுதான் இந்தக் காட்டில் மிச்சம் இருக்கிறது. நாம் நெல்லில் மணியான கதிரைப் பார்த்து விதைக்கு எடுப்போம் இல்லையா? அதே மாதிரி, கடல் காற்றுக்கு எது தாங்கும் என்று நமக்காகக் காலமே பொறுக்கி எடுத்து வைத்த விதை இது. அதனால்தான் விதைநெல் என்று சொன்னேன்.

அதற்காகத் தென்னையை வெட்டி விட்டுப் பாலை வையுங்கள் என்று நான் சொல்லவில்லை. தென்னைதான் நமக்குச் சோறு. தோப்பின் கடல் பக்கத்து வரப்பில் மட்டும் ஒரே சாதி மரமாக வைக்காமல், பூவரசு, புன்னை, நாவல், வேம்பு, முடிந்தால் பாலை என்று கலந்து இரண்டு மூன்று வரிசை வையுங்கள். உயரமான மரத்துக்கு அடியில் குட்டையான மரமும் புதரும் இருக்கட்டும். அப்போதுதான் காற்று மேலே எழும்பிப் போகும். இதைப் புத்தகத்தில் படிக்க வேண்டியதில்லை. கோடியக்காட்டின் கடலோர விளிம்பில் நின்று பார்த்தால், கரையில் குட்டை, உள்ளே போகப் போக உயரம் என்று கூரை சாய்வாக நிற்பது கண்ணுக்கே தெரியும். நாற்றுக்கு விதை வேண்டுமானால் சரணாலயத்துக்குள் பொறுக்கக் கூடாது, சட்டப்படி குற்றம். உங்கள் ஊர் ஐயனார் கோயில் மரத்தடியில் விழுந்த பழத்தை எடுத்து முளைக்கப் போடலாம். அதுவும் இதே காட்டின் வம்சம்தான்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. காலையில் சீக்கிரம் போங்கள். தண்ணீர் கையோடு எடுத்துப் போங்கள். பாதையை விட்டு விலக வேண்டாம். மானைப் பார்த்தால் சத்தம் போட வேண்டாம், கிட்டே போக வேண்டாம். அது நின்று பார்க்கட்டும், நாமும் நின்று பார்ப்போம். கட்டுச்சோறு தின்ற காகிதம், பிளாஸ்டிக் பை எதையும் அங்கே விட்டு வராதீர்கள். பீடி, தீப்பெட்டி வேண்டவே வேண்டாம். கோடையில் சருகு நெருப்புக்குக் காத்திருக்கும். பிள்ளைகளை அவசியம் அழைத்துப் போங்கள். வீட்டில் வயசான ஆத்தா, தாத்தா இருந்தால் அவர்களையும் அழைத்துப் போங்கள். எந்தச் செடி எதற்கு ஆகும் என்று அவர்கள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டு நடக்கட்டும். சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த மூலையில் சுந்தரர் காலத்துக் காட்டின் மிச்சம் இன்னும் பச்சையாக நிற்கிறது. அறுவடை முடிந்ததும் ஒரு நாள் ஒதுக்கிப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அடுத்த மழைக்கு முன்னே வரப்போரம் பத்து நாவல் கன்றாவது நட்டு வையுங்கள்.